ஜன்னலைத் திறக்காதே

கிள்ளான்
12 செப்டம்பர் 1997

ராதாகிருஷ்ணனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. எங்கள் வீட்டில் சோறு தின்றுவிட்டு, கை கழுவின ஈரம் காயுமுன் உன் மச்சானைப் பற்றி அதிகாரிகளுக்குப் போன் போட்டவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? மேரு சாலை இரும்புக் கடையில் அவர் பழைய ஒயரை எரித்துச் செம்பு எடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். அக்கரையில் காடு எரிந்து ஊரெல்லாம் புகைமூட்டம், வெளியில் எதையும் எரிக்காதே என்று ரேடியோவில் கத்திக்கொண்டிருக்கும்போது எரித்தது தப்புதான். அதற்காகக் கூடப்பிறந்த அக்காளின் புருஷனைக் காட்டிக் கொடுப்பார்களா? அபராதம் போட்டார்கள். இடத்துக்காரன் காலி செய்யச் சொல்லிவிட்டான். முதலாளியாக இருந்தவர் இப்போது அடுத்தவன் லோரியில் கூலிக்கு இரும்பு ஏற்றுகிறார்.

உன்னோடு இனிப் பேசக் கூடாது என்று தாலியைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்துவிட்டேன். எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் தமயந்தி. பிள்ளைக்கு மூச்சிழுப்பு திரும்பிவிட்டது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து அடங்கியிருந்தது, உனக்கே தெரியும். போன வாரம் திடலில் ஓடிவிட்டு வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குகின்றன, பேச்சு வரவில்லை. டாக்டர் ஊதுகிற மருந்தைக் கொடுத்து, "பொகையில வெளிய விடாதீங்கம்மா" என்கிறார். கிள்ளானில் புகை இல்லாத இடம் எது என்று அவர் சொல்லவில்லை. வாசலில் நின்றால் எதிர்வீட்டு மாமரம் தெரிவதில்லை. காயப்போட்ட துணி எரிந்த வாடையோடு வீட்டுக்குள் வருகிறது.

டிவியில் தினம் ஓர் எண் சொல்கிறார்கள். உன் மச்சான் அதை நாலு நம்பர் குலுக்கல் முடிவு மாதிரி கேட்டுவிட்டு, நமக்கு விழவில்லை என்று அணைத்துவிடுகிறார். அந்த எண்ணை அளக்கிற பெட்டிகளோடுதானே உனக்கு வேலை? அது என்ன சொல்கிறது, பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது என்று விவரமாக எழுது. மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

பதிலைப் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் அக்கா பெயருக்குப் போடு. உன் மச்சான் கையில் கிடைத்தால் வீடு இரண்டாகிவிடும்.

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
15 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்கா,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். திட்டுதான் இருந்தது. இருக்கட்டும், ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கு அது தேவலாம்.

மச்சானிடம் முதலில் சொன்னேன், அக்கா. நீ சமையலறையில் இருந்தாய். "ஒன் பொட்டி வேலைய பொட்டியோட வச்சுக்க லா" என்று சிரித்தார். அந்தக் கரும்புகை போன திசையில்தான் உங்கள் தாமான் குடியிருப்பு இருக்கிறது. தமயந்தி மூச்சு விடுகிற காற்று அது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் மறுபடி சண்டை வரும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எங்கள் பெட்டி காற்றை உள்ளே இழுத்து, அதிலுள்ள தூசியை ஒரு வெள்ளை வடிதாளில் பிடிக்கிறது. மற்ற மாதங்களில் அந்தத் தாளை எடுத்தால் இலேசான சாம்பல் நிறம் இருக்கும். இப்போது காப்பித்தூள் கொட்டியதுபோல் இருக்கிறது. டிவியில் சொல்லும் எண் நூறைத் தாண்டினால் கெடுதல். இருநூறைத் தாண்டினால் மிகக் கெடுதல். முந்நூறு என்றால் ஆபத்து. இதெல்லாம் நல்ல நெஞ்சு உள்ளவர்களுக்குச் சொல்லும் கணக்கு, தமயந்திக்கு நூறே அதிகம். இன்னொன்று, அது ஒரு முழு நாளுக்கான சராசரி. நீ கேட்கும்போது அது பாதிக்கு மேல் நேற்றைய காற்று. எண் இறங்கியது என்று பிள்ளையை வெளியே விட்டுவிடாதே.

இனிச் செய்ய வேண்டியது. வீடு முழுவதையும் காப்பாற்ற முடியாது, ஓர் அறையைக் காப்பாற்று. பின்பக்க அறை நல்லது. உன் வீட்டு ஜன்னல் அடுக்குக் கண்ணாடி, மூடினாலும் இடுக்கு வழியே புகை வரும். அதன்மேல் அட்டை வைத்து டேப் போட்டு ஒட்டு. சுவர் உச்சியில் இருக்கும் காற்றுத் துளைகளையும் அடைத்துவிடு. கதவின் அடியில் ஈரத்துணி போடு. தரையைப் பெருக்காதே, துடை. மீன் பொரிப்பது, மிளகாய் வறுப்பது எதுவும் வேண்டாம். மச்சான் சிகரெட்டை வாசலுக்கு வெளியே பிடிக்கட்டும். மருந்துக்கடையில் விற்கும் மெல்லிய முகமூடியை நம்பாதே, நுண்தூசி அதற்குள் நடந்து போகும். அவளை ஓட விடாதே, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்.

எல்லாவற்றிலும் மேலானது ஒன்று உண்டு. என்னோடு படித்த பாலன் குவாந்தானில் குடும்பத்தோடு இருக்கிறான். கிழக்குக் கரையில் புகை இவ்வளவு இல்லை. அவன் மனைவி தமயந்தியைத் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொள்வாள். மச்சானைக் கேட்டுப் பார்.

தம்பி
ராதா


கிள்ளான்
19 செப்டம்பர் 1997

ராதாவுக்கு,

கேட்டேன். சாப்பிடும்போது கேட்டது என் தப்பு. "எம் பிள்ளைய ஊரான் வீட்டுக்கு அனுப்பச் சொல்றானா? ஏன், அப்பன் செத்துட்டானா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். குவாந்தானைப் பற்றி நான் ரேடியோவில் கேட்டதாகத்தான் சொன்னேன். உன் பெயரையே எடுக்கவில்லை. ஆனால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நெருப்பில்லாமல் புகையுமா என்று பார்வையாலேயே கேட்டார். குவாந்தான் பேச்சை இத்தோடு விடு.

அறையை நீ சொன்னபடியே செய்துவிட்டேன். பவுனம்மாள் அக்காவும் நானும் ஒரு பகல் முழுக்க நாற்காலிமேல் ஏறி நின்று ஒட்டினோம். மைலோ டப்பா வருகிற பெட்டி அட்டைகளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினேன். ஊசி நுழைய இடமில்லை. தமயந்தி உள்ளே படுத்துக்கொண்டு, "அம்மா, நான் மைலோ பொட்டிக்குள்ள இருக்கேன்" என்று சிரித்தாள். சிரித்ததற்கு ஓர் இருமல்.

மீனை நிறுத்திவிட்டேன். சிகரெட்டும் வாசலுக்குப் போய்விட்டது, கதவைத் திறந்து போகும்போது அவர் முணுமுணுப்பதை நான் காதில் வாங்குவதில்லை. ஈரத்துணியும் அட்டையும் சேர்ந்து அறையில் ஒரு முடை நாற்றம், அதோடு எங்கிருந்தோ அந்தக் காட்டுப் புகை வாடை. பிள்ளை அதற்குள்ளேயே கிடக்கிறாளே என்று காலையிலும் விளக்கு வைக்கும்போதும் சிரட்டைக் கங்கு போட்டுச் சாம்பிராணி காட்டுகிறேன். தூபக்காலை அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன். எல்லாம் அடைத்திருப்பதால் வாசம் வெளியே போகாமல் அப்படியே நிற்கிறது. இப்போது உள்ளே போனால் கோயில் மாதிரி இருக்கிறது. அந்தக் கெட்ட வாடை இருந்த இடம் தெரியவில்லை.

சரவாக்கில் அவசரகாலம் என்று செய்தியில் சொன்னார்கள். அங்கேயெல்லாம் எண் எங்கேயோ போய்விட்டதாமே. நமக்கும் அப்படி வருமா? பயமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சீதா


பிரிக்பீல்ட்ஸ்
23 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்தபிறகு நேற்றிரவுதான் நன்றாகத் தூங்கினேன். அறையை நீ அடைத்திருக்கிற விதத்தை எங்கள் கம்பெனி ஆட்களுக்குக் காட்டலாம் போலிருக்கிறது. கோயில் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வெள்ளிக்கிழமை தலை முழுகியதும் அம்மா நம் தலைமேல் கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணி போடுவார்களே, அது நினைவுக்கு வந்தது. உன் வீட்டுக்கு வந்து அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று இருக்கிறது. விடுவார்களா?

இங்கே நிலைமை மோசம். எண் இருநூறைத் தாண்டி நிற்கிறது. கிள்ளானில் என் பெட்டி ஒரு பள்ளிக்கூட மாடியில் இருக்கிறது, உனக்குத் தெரியும். நேற்று வடிதாளை மாற்றிவிட்டு அங்கிருந்து உன் வீட்டுப் பக்கம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, பள்ளிக்கூடத்தின் கொடிக்கம்பமே தெரியவில்லை. மோட்டார் சைக்கிளில் அந்த வழியாகத்தான் திரும்பினேன். உன் வாசலில் மச்சானின் செருப்பு கிடந்தது. நிற்காமல் வந்துவிட்டேன்.

நாங்கள் அளக்கிறோம், அளந்ததை மேலே அனுப்புகிறோம், அவர்கள் டிவியில் சொல்கிறார்கள். யாரோ கடலுக்கு அந்தப் பக்கம் காட்டைக் கொளுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அளந்து என்ன ஆகப் போகிறது என்று சில நாள் பெட்டியைத் திறக்கும்போது கை ஓடவில்லை. பிறகு தமயந்தியை நினைத்துக்கொள்வேன். அளந்ததால் ஒரு பிள்ளையாவது மூடிய அறைக்குள் பத்திரமாக இருக்கிறாளே.

மருந்தை நேரம் தவறாமல் ஊதச் சொல்.

ராதா


கிள்ளான்
27 செப்டம்பர் 1997

ராதா,

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குக் குறையவில்லை, கூடுகிறது. அறையை அடைத்தபிறகுதான் கூடுகிறதோ என்று எனக்கு ஒரு எண்ணம். சொல்லவே பயமாக இருக்கிறது.

குளிக்க வைக்க வெளியே கூட்டி வந்தால், "இங்க கொஞ்சம் பரவால்லம்மா" என்கிறாள். வெளியில்தானே புகை? சாயங்காலம் விளக்கு வைத்துச் சற்று நேரம் கழித்துத்தான் இழுப்பு பிடிக்கிறது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிறது. நேற்று மருந்தை இரண்டு முறை ஊதியும் அடங்காமல் டாக்டரிடம் தூக்கிப் போனோம். அவர் முகமூடி வைத்து ஆவி மருந்து பிடித்து அனுப்பினார். "வீட்டை மூடி வச்சிருக்கீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது" என்றார்.

உன் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "ஜன்னல தொறடி, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. கண்ணால பாத்தா தெரியலயா?" என்று அட்டையைக் கிழிக்கக் கையை ஓங்கிவிட்டார். நான் குறுக்கே நின்றேன். அவர் படிக்காதவர், கோபக்காரர். நீயோ இதே வேலையாக இருப்பவன். அதனால் உன்னை நம்பி அவரைத் தடுத்தேன். நாளைக்கும் தடுக்க வேண்டுமானால் எனக்கு உன் பதில் வேண்டும். திறக்கவா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் எழுது.

போனில் கேட்டிருக்கலாம் என்பாய். நேற்றுக் கடைமுனைப் பொதுப் போன் வரைக்கும் போனேன், காசையும் போட்டேன். தாலி கழுத்தில் கனத்தது. வைத்துவிட்டேன். நான் இப்படித்தான், உனக்குத் தெரியும்.

சீதா


பிரிக்பீல்ட்ஸ்
30 செப்டம்பர் 1997

அக்கா,

திறக்காதே.

ஒரே வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். காரணமும் சொல்கிறேன், மச்சான் கேட்டால் உன்னிடம் பதில் இருக்க வேண்டும். கிள்ளான் பெட்டியில் எண் இன்னும் இறங்கவில்லை. ஜன்னலைத் திறந்த மறு நிமிடம் வெளியே இருப்பது முழுவதும் உள்ளே வரும். மூடிய அறையில் முட்டுவதுபோல் தோன்றுவது உஷ்ணத்தால். மின்விசிறியை வை. நாள்பட்ட புகையால் அவள் நெஞ்சு ஏற்கெனவே புண்ணாகியிருக்கிறது, அதனால்தான் கூடுகிறது. சாயங்காலம் பிடிப்பதும் இழுப்புக்காரர்களுக்கு வழக்கம்தான்.

மச்சான் கண்ணால் பார்த்துச் சொல்கிறார். இந்தத் தூசி கண்ணுக்குத் தெரியாது, அக்கா. கண்ணுக்குத் தெரியாது என்பதால்தானே என்னைப்போல் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இன்னும் சில நாளில் காற்று திசை மாறும், மழை வரும் என்கிறார்கள். அதுவரைக்கும் பொறு. அவர் கிழிக்க வந்தால் என் பெயரைச் சொல்லியே தடுத்துவிடு. என்மேல் கோபம் ஏறட்டும், ஏற்கெனவே இருப்பதோடு இதையும் வைத்துக்கொள்வார்.

ராதா


கிள்ளான்
8 அக்டோபர் 1997

ராதாகிருஷ்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை உன் கடிதம் கையில் இருந்தது. நவராத்திரி வெள்ளி என்பதால் வீட்டைக் கழுவி, விளக்கேற்றி, அவள் சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு, அந்த அறையில் வழக்கத்தைவிட நிறையவே சாம்பிராணி காட்டினேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு தொடங்கியது. உன் மச்சான் ஜன்னலுக்குப் போனார். நான் உன் கடிதத்தைக் காட்டினேன். திறக்கக் கூடாது, ராதா எழுதியிருக்கான் என்று கத்தினேன். உன்னோடு எழுத்துப் போக்குவரத்து இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். அதைக் கேட்டு அவர் நின்ற அந்த நேரம்தான் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது. மருந்து ஊதினோம், ஊதினோம். உதடு நீலமாகிவிட்டது. பவுனம்மாள் அக்கா மகனின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். புகையில் கார் ஊர்ந்துதான் போனது. ஆஸ்பத்திரியில் என் கையிலிருந்து அவளை வாங்கும்போதே அந்த நர்ஸின் முகத்தில் தெரிந்துவிட்டது.

எட்டு வயசு, ராதா.

நீ சுடலைக்கு வந்ததைப் பார்த்தேன். அவர் உன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியதையும் பார்த்தேன். தள்ளட்டும் என்றுதான் இருந்தது. மூடச் சொன்னாய், மூடினேன். திறக்காதே என்றாய், திறக்கவில்லை. நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? நீ படித்த படிப்புக்கு இதையாவது சொல்லு.

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
11 அக்டோபர் 1997

அக்கா,

நீ கேட்டதற்கு இரண்டு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். மச்சான் தள்ளியதில் எனக்கு வருத்தமில்லை, இன்னும் ஓங்கி அடித்திருக்கலாம். அவளுக்கு ஒரு பிடி மண் போட விட்டிருந்தால் போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வெளியேதான் அளந்தேன், மாடிமேல், மைதானத்தில், சாலையோரத்தில். அந்த அறைக்குள் ஒருநாளும் அளக்கவில்லை. கம்பெனியில் புதிதாகக் கையில் தூக்கிப் போகிற ஒரு சின்ன அளவுப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். வைத்த இடத்திலேயே அந்த நிமிடத்துத் தூசியைக் காட்டும். அதை ஒரே ஒரு முறை உன் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே பிசகினேன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் என்னால் இந்த வேலைக்கும் போக முடியாது, இருக்கவும் முடியாது.

பேச வேண்டாம். உன் சத்தியம் உன்னோடு இருக்கட்டும்.

ராதா


கிள்ளான்
16 அக்டோபர் 1997

திங்கட்கிழமை அவர் லோரியோடு ஈப்போ போகிறார். சாயங்காலம் வா. கதவைத் திறப்பேன், பேசமாட்டேன். அளந்ததை எழுத்தில் அனுப்பு. உண்மையை அனுப்பு.

சீ.


பிரிக்பீல்ட்ஸ்
24 அக்டோபர் 1997

அன்புள்ள அக்கா,

அளந்ததைச் சொல்கிறேன். இப்போது புகை பெரிதும் அடங்கிவிட்டது, ஆகையால் இதை வைத்து அன்றைய நிலையைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். அறைக்குள் இருந்தது வெளியே இருந்ததைவிடக் குறைவுதான். நீ அடைத்ததில் எந்தக் குறையும் இல்லை. நீ செய்த எதிலும் குறை இல்லை.

குறை என்னிடம். வெளிப்புகை அவ்வளவு இருக்கும்போது அட்டையும் ஈரத்துணியும் அந்த நெஞ்சுக்குப் போதாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மச்சான் என்ன சொன்னாலும் அவளைத் தூக்கிக்கொண்டு குவாந்தானுக்குப் போயிருக்க வேண்டும். எண்களோடு பழகிப் பழகி, எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன். உன்னை யாராவது ஏதாவது கேட்டால், தம்பி தவறாகச் சொல்லிவிட்டான் என்று சொல். அதுதான் உண்மை.

வேளைக்குச் சாப்பிடு.

ராதா


கிள்ளான்
7 நவம்பர் 1997

ராதா, என் தம்பி,

தீபாவளி போய்விட்டது. எங்களுக்கு இந்த வருஷம் இல்லை, உனக்கும் இருந்திருக்காது. மழை பெய்கிறது. எதிர்வீட்டு மாமரம் இலை இலையாகத் தெரிகிறது. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. இந்த மழை ஒரு மாதம் முன்னால் பெய்திருந்தால் என்ன?

உன் கடிதம் பொய் என்று எனக்குத் தெரியும்.

நீ வந்த அன்று நான் பேசவில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பெட்டியை முதலில் வாசலில் வைத்தாய், ஓர் எண் வந்தது. அறைக்குள் கட்டில்மேல் வைத்துக் கதவைச் சாத்தினாய், எண் இறங்கியது. உன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்போது விளக்கு வைக்கும் நேரம். அவள் படத்தை அந்த அறையில்தான் வைத்திருக்கிறேன். வழக்கம்போல் கங்கு எடுத்து வந்து சாம்பிராணி போட்டேன். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. வாசலில் காட்டியது அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நீ என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் முகத்தை மெல்ல உன் பக்கம் திருப்பிக்கொண்டாய். பிறகு மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் அதற்குள் பார்த்துவிட்டேன், ராதா. எண் படிக்க எனக்கும் தெரியும்.

நீ போனபிறகு உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். மீன் இருந்தது, மிளகாய் இருந்தது, அவர் சிகரெட் இருந்தது. சாம்பிராணி இல்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன் என்று நான் எழுதினேன், நீ படித்தாய், அம்மா ஞாபகம் வருகிறது என்று பதில் போட்டாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ வேண்டாம் என்று எழுதியிருந்தால்கூட நான் சிரித்திருப்பேன். தலை முழுகினாலும் காய்ச்சல் வந்தாலும் அம்மா நமக்குக் காட்டியது அதைத்தானே? அதை எப்போது நாம் புகை என்று நினைத்தோம்? கெட்ட காற்றை விரட்டுகிறது என்று காலையும் மாலையும் என் கையால் போட்டேன். ஜன்னலைத் திற என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். படிக்காதவர் என்று அவரைத் தடுத்து நின்றேன்.

இப்போது நான் கேட்கப் போவதைக் கேள். கேட்கக் கூடாததுதான்.

இதை அவரிடம் சொல்லமாட்டேன். பலமுறை சொல்லப் பார்த்தேன். அவர் பாதிச் சோற்றில் எழுந்து போய் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். "ஒன் தம்பிதான்டி எம் பிள்ளைய கொன்னான்" என்கிறார். தினமும் சொல்கிறார். சொல்லிவிட்டு வந்து மீதிச் சோற்றைச் சாப்பிடுகிறார், காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார். உன்மேல் இருக்கும் ஆத்திரம்தான் அவரை நடமாட வைத்திருக்கிறது. நான் உண்மையைச் சொன்னால் அந்தக் கண் என் பக்கம் திரும்பும். எனக்கு வேறு யாரும் இல்லை, ராதா. பிள்ளையும் இல்லை. அந்தக் கண்ணுக்கு முன்னால் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வந்ததும், "பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுனியா?" என்று கேட்பார். காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். காட்டுகிறேன், அந்த வாசத்தில் நின்றுகொண்டு அவர் அழுகிறார். நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

அதனால் நீ எழுதிய பொய்யை நான் வாங்கிக்கொள்கிறேன். நீ எனக்காக எழுதினாய், ஒரு கடிதத்துக்குள் முடிந்துவிடும் என்று எழுதினாய். எனக்கு அது வாழ்நாள் முழுக்க வேண்டும். சொந்தக்காரர்கள் உன்னைப் பார்த்து முகம் திருப்புவார்கள், பிள்ளையைக் கொன்றவன் என்பார்கள். நீ வாயைத் திறக்கக் கூடாது. நான் செத்தால்கூட இந்த வாசலுக்கு வராதே. நீ குற்றமில்லாதவன் என்று எனக்குத் தெரியும். அது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நீ ஒப்புக்கொள்ள வேண்டும். சின்ன வயசில் நான் செய்ததற்கெல்லாம் நீ அடி வாங்கியிருக்கிறாய், கேட்காமலே வாங்கியிருக்கிறாய். இதை நான் கேட்டு வாங்குகிறேன்.

பவுனம்மாள் அக்காவிடம் இனி எனக்குக் கடிதம் வராது என்று சொல்லிவிட்டேன். பதில் போடாதே, தம்பி. போட்டால் நான் படித்துவிடுவேன். படித்தால் என்றைக்காவது அவரிடம் சொல்லிவிடுவேன்.

அக்கா